பேஸ்மென்ட் ஆர்னியின் வாய்

ஃப்ளாய்ட் குச்மாவுக்கு இரண்டு வாய். ஒன்று வீட்டுக்கும் வேலைக்கும். அது காசு கொடுத்தால்கூடப் பேசாது. "மோட்டார் போயிருச்சு", "நாளைக்கு வர்றேன்", "உப்பை இந்தப் பக்கம் தள்ளு" என்று ஒரு நாளை ஓட்டிவிடும். இன்னொரு வாய் திங்கட்கிழமை காலையில், ஊர்க்காரர்கள் போன் போட்டுப் பேசுகிற சால் ப்ரூனெட்டியின் வானொலி நிகழ்ச்சி தொடங்கியதும் திறந்துகொள்ளும். அந்த வாய்க்கு ஊர் வைத்த பெயர் பேஸ்மென்ட் ஆர்னி.

பெயர் வந்த கதை பெரிதில்லை. எங்கள் ஊர் எல்க் ஹார்பரில் வருஷத்தில் பாதி பனி. வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் எல்லா வீட்டிலும் தரைக்கு அடியில் இருக்கிற அறையில், பேஸ்மென்ட்டில்தான் இருக்கும். அதைப் பழுது பார்ப்பது ஃப்ளாய்டின் தொழில். கையில் திருப்புளி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். வேலை நேரத்தில் வானொலியில் வாயாடுகிறார் என்று வாடிக்கைக்காரர்களுக்குத் தெரிந்தால் நன்றாக இருக்காது என்று, முதல் தடவை பெயர் கேட்டபோது "ஆர்னி" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். "என்னய்யா ஆர்னி, கிணத்துக்குள்ள விழுந்தவன் மாதிரி கேக்குது?" என்றார் சால். "பேஸ்மென்ட்ல இருக்கேன்." அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. பாதி ஊருக்கு ஆர்னி யார் என்று தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது எங்கள் ஊர் மரியாதை.

அந்த நிகழ்ச்சியில் ஒரே பேச்சுதான். ஃபுட்பால். உலகம் காலால் உதைக்கிறதே, அது இல்லை. கையால் எறிந்து, ஓடி, ஆளை ஆள் முட்டிச் சாய்க்கிற ஆட்டம். எங்கள் அணிக்கு அயர்ன்ஸ் என்று பெயர். இரும்பாலை மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. ஃப்ளாய்டின் அப்பா அந்த ஆலையில் உலை பார்த்தவர். மூடிய அன்று சாப்பாட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தவர், வேறு எதுவும் சொல்லாமல், "ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாராம். ஃப்ளாய்ட் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. இரண்டு மகன்களும் வேலை தேடி அரிசோனா பக்கம் போய்விட்டார்கள். போனில் அவர்களோடு பேசுவதற்கு இருக்கிற ஒரே விஷயமும் இதுதான்.

பதினொரு பேர் இறங்கினாலும் ஆட்டம் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் கையில்தான். ஜெயித்தால் மாலை அவனுக்கு, தோற்றால் வசவும் அவனுக்கே. பதிமூன்று வருஷமாக எங்கள் குவார்ட்டர்பேக் ஜட் டாலிவர். ஆர்கன்சாவிலிருந்து வந்தவர். யாரைப் பார்த்தாலும் "சார்", "மேடம்" என்பார். ஒரு தடவை அணியை இறுதி ஆட்டம் வரை கூட்டிப்போனார், மயிரிழையில் போயிற்று. அதற்குப் பிறகு வயது ஏறியது, எறிகிற தூரம் குறைந்தது. போன சீசனில் அடிமேல் அடி. ஜனவரியில் பழைய கோச்சுக்குச் சீட்டைக் கிழித்தார்கள். புதிதாக வந்த கோச் டிரென்ட் ஆஸ்குட், ஜட்டைவிட இரண்டே வயது பெரியவர், வந்த அன்றே சொல்லிவிட்டார்: யாருடைய இடமும் யாருக்கும் எழுதிவைத்ததில்லை, ஏப்ரல் பயிற்சியில் எல்லார் கையையும் பார்ப்பேன், பார்த்துவிட்டு முடிவெடுப்பேன்.

வைத்துக்கொள்ள வேண்டுமா, அனுப்பிவிட வேண்டுமா? அந்தப் பிப்ரவரியில் எங்கள் ஊர் இதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. முடிவெட்டுகிற இடத்தில் பேசினார்கள், சவ அடக்கத்தில் பேசினார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் புனித சிரில் கோயில் கூடத்தில் மீன் வறுத்துப் போடுவார்கள். அங்கே நாக்கு மீனைத் தின்றதைவிட ஜட் டாலிவரைத் தின்றதுதான் அதிகம்.

"டேய் ஃப்ளாய்ட், உன் ஆளுக்கு மூட்டை கட்டியாச்சாமே" என்றார் ஹெர்ப் லாஸ்கோ. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஃப்ளாய்டோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? புதுசா வீடு கட்டுறவன் பழைய கதவையா மாட்டுவான்?"

"பழைய கதவுதான்டா உளுத்துப் போகாது. நீ புதுசா வாங்கி மாட்டினியே ஒண்ணு, போன மழைக்கு உப்பிப்போய்ச் சாத்த முடியாம முட்டுக் குடுத்துக்கிட்டு நின்னியே, மறந்துட்டியா?"

மேசை சிரித்தது. கோஸ் சாலட் பரிமாறிக்கொண்டிருந்த ஃப்ளாய்டின் மனைவி டோரீனும் சிரித்தாள்.

"கதவை விடு. பந்து இருபது கஜம் தாண்டுதா? வயசாயிடுச்சு, ஒத்துக்கோ. அதைவிடு, பயம் வந்துடுச்சு. எதிராளி ஓடி வர்றதைப் பார்த்தாலே பந்தைக் கை விட்டுடறான். பார்த்தேன்ல, ரெண்டு கண்ணால."

வயது என்றிருந்தால் ஃப்ளாய்டிடம் பதில் இருந்தது. பயம் என்றதும் குனிந்து மீனில் முள் தேடத் தொடங்கிவிட்டார். ஏனென்றால் அவருக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு பெண் போன் செய்தாள். ஹீட்டர் கூச்சல் போடுகிறது, சூடு வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் நம்பர் கொடுத்தார் என்றாள். ஏரிக்கரை ரோட்டில் விலாசம். கதவைத் திறந்தது ஜட் டாலிவர்.

ஃப்ளாய்ட் பூட்ஸைத் துடைத்தார். திரும்பத் துடைத்தார். "அது போதும் சார், தரை தேய்ஞ்சிடப்போகுது" என்று ஜட் சிரித்தார். ஃப்ளாய்ட் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கிவிட்டார். இறங்கியதும் அவருக்கு உயிர் வந்தது. காற்றை ஊதுகிற மோட்டார் தேய்ந்து போயிருந்தது. "ஏண்டா, நல்ல வீட்டுல இருந்துக்கிட்டு இப்படியா கத்துவே? மானத்தை வாங்காதே" என்று ஹீட்டரைத் திட்டிக்கொண்டே கழற்றினார். நிமிர்ந்து பார்த்தால் படிக்கட்டில் ஜட் நின்றுகொண்டிருந்தார். தலையைச் சாய்த்து, எதையோ யோசிக்கிற மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"மேல வாங்க சார், காபி குடிக்கலாம்."

மோட்டாருக்கு எண்ணெய் விட்டு ஒப்பேற்றிவிட்டு, புது மோட்டார் வரவழைத்து மாட்டுகிறேன் என்று சொல்லி ஃப்ளாய்ட் மேலே போனார். சமையலறையில் ஜட் கோப்பை எடுக்க மேல் அலமாரிக்கு வலது கையை நீட்டினார். கை தோள் உயரம்வரை போயிற்று. அதற்குமேல் போகவில்லை. அங்கேயே நின்று நடுங்கியது. ஜட்டின் முகம் வெளுத்து, பிறகு மெல்ல நிறம் திரும்பியது. இடது கையால் எடுத்தார். இரண்டு பேரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சார், இது இந்த ரூமோட இருக்கட்டும்" என்றார் ஜட். "போன சீசன் ஆரம்பத்துலயே தோள்ல தசைநார் கிழிஞ்சிடுச்சு. அப்படியேதான் ஆடினேன். வெளியூர் டாக்டர் பார்த்தாரு. அசையாம வச்சிருந்தா ஏப்ரலுக்குள்ள கூடிடும்னாரு. டீமுக்குச் சொல்லல. சொன்னா புதுசா வந்தவரு ஏன் காத்திருக்கப்போறாரு? ஒரே ஒரு வருஷம் போதும் எனக்கு. நல்லபடியா ஆடிட்டு நானே போயிடுவேன்."

"என்கிட்டேருந்து ஒரு சொல்லு வெளிய போகாது."

"தெரியும் சார்" என்றார் ஜட்.

அன்று வீடு திரும்பிய ஃப்ளாய்டைப் பார்த்திருக்க வேண்டும். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். பயமும் இல்லை, ஒன்றும் இல்லை! கிழிந்த தோளோடு ஒரு சீசன் முழுக்க எறிந்திருக்கிறான் மனுஷன். அதைத் தெரிந்த ஆள் ஊரிலேயே தான் ஒருவன்தான். டோரீனிடம் யார் வீட்டுக்குப் போனேன் என்று சொன்னார், தோளைப் பற்றி மூச்சு விடவில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு. ரகசியத்தை வைத்துக்கொள்வதில் பெருமைப்படுகிறவன் அதைச் சீக்கிரம் செலவழித்துவிடுவான் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ஒரு கிழவியின் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தார். வானொலியில் பல் டாக்டர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். "சால், நான் பச்சையா சொல்றேன். அவன் கோழை. கோழையை வச்சுக்கிட்டு எந்தக் கோச்சும் ஜெயிக்க முடியாது." ஃப்ளாய்டின் கை தானாகப் போனுக்குப் போயிற்று.

"வாய்யா ஆர்னி" என்றார் சால். "உன் ஆளுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியா?"

"பல்லைப் பிடுங்குறவன் பல்லைப் பத்திப் பேசட்டும். ஜட் டாலிவர் கோழையா? சொன்ன வாய் அழுகிடும்."

"சரி, அப்ப பந்து ஏன் போக மாட்டேங்குது? காத்து எதிர்ல அடிக்குதா?"

"போகும். இந்த வருஷம் போகும்."

"இதையேதானேய்யா போன வருஷமும் சொன்னே. அதுக்கு முந்தின வருஷமும் சொன்னே. பேஸ்மென்ட்ல ஹீட்டருக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு உனக்கென்னய்யா தெரியும்?"

சால் சிரித்தார். ஸ்டுடியோவில் அவருக்குப் பின்னால் இருந்த பையன்களும் சிரித்தார்கள். அந்த இடத்தில் போனை வைத்திருக்கலாம். கடவுள் அதற்கு நேரமும் கொடுத்தார்.

"எனக்குத் தெரியும் சால். பயமும் இல்ல, வயசும் இல்ல. தோள். அலமாரியிலேருந்து ஒரு காபிக் கோப்பை எடுக்க முடியல அந்த மனுஷனால. கண்ணால பார்த்தேன். தசைநார் கிழிஞ்சிருக்கு. அதோட ஒரு சீசன் பூரா எறிஞ்சிருக்காரு. ஏப்ரலுக்குள்ள கூடிடும்னு டாக்டரே சொல்லியிருக்காரு. இப்ப சொல்லு, யாரு கோழை?"

சால் ப்ரூனெட்டி வாயடைத்துப் போனதை ஊர் அன்றுதான் முதலில் கேட்டது.

"ஆர்னி" என்றார் கடைசியில், குரலை இறக்கி. "நீ அவர் வீட்டுக்கா போனே?"

"போனேன்" என்றார் ஃப்ளாய்ட்.

பின்னால் அவர் படுத்துப் புரண்டது மற்ற வார்த்தைகளுக்காக இல்லை. அந்த 'போனேன்' என்பதற்காக. மற்றதெல்லாம் கோபத்தில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு சொல் மட்டும் தித்தித்தது. பேஸ்மென்ட் ஆர்னி ஜட் டாலிவர் வீட்டு அடுப்படிவரை போய்வந்தவன் என்று ஊர் முழுக்கக் கேட்டாயிற்று என்ற ருசி அதில் இருந்தது. அது அடங்க இரண்டு மூச்சு ஆயிற்று. அப்புறம்தான் செய்தது என்னவென்று உறைத்தது. போனை அணைத்தார். மேலேயிருந்து கிழவி, "சரியாயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். "ஆயிடுச்சும்மா" என்றார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கத்தியது, கெட்டது வேறு ஆள்.

மத்தியானத்துக்குள் டிவியில் வந்துவிட்டது. சாயங்காலம் நிருபர்கள் புதுக் கோச்சைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆஸ்குட் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தோள் கிழிஞ்சா கூடும். அதுக்குக் காத்திருப்பேன். ஆனா என் ஆட்டக்காரர் என்கிட்ட சொல்லவேண்டியதை நான் வானொலியில கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. அதுக்கு என்ன மருந்துன்னு எனக்குத் தெரியல" என்றார்.

டோரீன் அந்த நிகழ்ச்சியை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறாள். ஃப்ளாய்ட் உள்ளே வந்தபோது சாப்பாட்டை எடுத்துவைத்தாள். திட்டவில்லை.

"அவங்க வீட்ல காபி குடிச்சியா?" என்று கேட்டாள்.

"குடிச்சேன்."

"குடிச்சிட்டு வந்துதான் இப்படிப் பேசினியா?"

"அவரை நல்லவர்னு காட்டத்தான் சொன்னேன், டோரீன். கோழைங்கறான். கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"கேட்டுக்கிட்டு இருந்திருக்கலாம். நீ பேசலன்னா யாருக்கு என்ன நட்டம்?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தார். டோரீனுக்குப் பரிமாறுகிற முறை, போகவேண்டியதாயிற்று. போனால், கூடத்தில் கைதட்டாத குறை. முதுகில் தட்டினார்கள். முன்பின் பேசாதவன் எல்லாம் வந்து கை குலுக்கினான். எங்கள் ஊர் மரியாதை போயிற்று. யாருமே இனி தெரியாத மாதிரி நடிக்கவில்லை. "ஆர்னி" என்றே கூப்பிட்டார்கள்.

"நல்ல காரியம் பண்ணினே" என்றார் ஹெர்ப். "நான் அவனைக் கோழைன்னு சொன்னது தப்பு, வாபஸ். ஆனா பாரு, ஒடிஞ்ச கையை மறைச்சுக்கிட்டு நம்ம டீம் தலையில கட்டப் பார்த்திருக்கான். நீ இல்லன்னா ஏப்ரல் வரைக்கும் ஏமாந்திருப்போம். உண்மையைத்தானே சொன்னே?"

"உண்மைதான்."

"அப்புறம் என்ன, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு?"

"அந்த உண்மை என்னுது இல்ல ஹெர்ப். பத்திரமா வச்சிருன்னு அவரு குடுத்தது."

ஹெர்ப் மீனை இரண்டாகப் பிய்த்தார். ஃப்ளாய்டுக்குத் திட்டு வாங்கியிருந்தால் தேவலை போல இருந்தது. கைகொடுத்தவர்களுடைய எண்ணெய்ப் பிசுக்கு விரலில் இருந்தது. எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

ஏரிக்கரை வீட்டிலிருந்து போன் வரும் என்று காத்திருந்தார். ஜட் கத்துவார், அல்லது அவர் மனைவி லீயான் கத்துவாள், வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தார். மணி அடிக்கும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார். எடுத்தால், யார் வீட்டிலோ ஹீட்டர் ஓடாது. அந்த வீட்டிலிருந்து மட்டும் வரவேயில்லை. வந்தது மோட்டார்தான். கடையிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"கென்னிகிட்ட குடுத்து மாட்டச் சொல்லலாம்னு பார்க்குறேன்" என்றார் ஃப்ளாய்ட். கென்னி பக்கத்து ஊரில் அதே தொழில் செய்கிறவன்.

"மோட்டாரைக் கென்னிகிட்ட குடுத்து அனுப்பிடலாம்" என்றாள் டோரீன். "மூஞ்சியை யார்கிட்ட குடுத்து அனுப்புவே?"

திங்கட்கிழமை காலை பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பாதி வழியில் வானொலியில் செய்தி. அயர்ன்ஸ் அணி ஜட் டாலிவரை விடுவித்துவிட்டது. தோளைப் பார்த்த அணியின் டாக்டர்கள் கூடிவிடும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் நம்பிக்கை போன இடத்தில் புதிதாகத் தொடங்குவது இரண்டு பேருக்கும் நல்லது என்றாராம் கோச். ஃப்ளாய்ட் வண்டியை ஓரம் கட்டினார். ஏரியில் பனிக்கட்டி உடைந்து மிதந்தது. திரும்பிவிடலாமா என்று பார்த்தார். அந்த வீட்டில் சூடு இல்லாமல் போய்விடுமே என்ற நினைப்புதான் அவரை முன்னே தள்ளியது, வேறு எந்தத் தைரியமும் இல்லை.

லீயான் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். பேஸ்மென்ட் கதவைக் கையால் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள். முன்னறையெல்லாம் அட்டைப்பெட்டி. கீழே இறங்கி வேலை பார்த்தார். ஹீட்டரை இந்தத் தடவை திட்டவில்லை. புது மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது. துவாரத்தில் கை வைத்துச் சூடு வருகிறதா என்று பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே நழுவிவிடலாம் என்று மேலே வந்தார்.

"காபி போட்டுட்டேன் சார்" என்றார் ஜட், சமையலறையிலிருந்து.

அலமாரி காலி. எல்லாப் பாத்திரமும் காகிதம் சுற்றிப் பெட்டிக்குள் போயிருந்தது. மேசைமேல் இரண்டு கோப்பை மட்டும் இருந்தது. ஜட் இடது கையால் ஊற்றினார். ஃப்ளாய்ட் உட்காரவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் பண்ணினதுக்கு…" என்று தொடங்கினார். மன்னிப்பு கேட்கவும் அதே வாயைத்தான் திறக்கவேண்டியிருந்தது. "உங்களுக்காகத்தான் பேசினேன், ஜட். இல்ல, அது முழு உண்மை இல்ல. கொஞ்சம் எனக்காகவும் பேசினேன்."

"தெரியும்."

"ஒரு போன் பண்ணித் திட்டியிருக்கலாமே என்னை. கேக்குறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்."

"லீயான் பண்ணத்தான் போனா. நான்தான் வேண்டாம்னேன். உக்காருங்க சார், ஆறிடும்."

உட்கார்ந்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க கீழ ஹீட்டரைத் திட்டிக்கிட்டிருந்தீங்கள்ல" என்றார் ஜட், "அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு."

"என்ன தெரிஞ்சுது?"

"நீங்க யாருன்னு. பதிமூணு வருஷமா திங்கட்கிழமை காலையில கார்ல அந்த நிகழ்ச்சியைக் கேப்பேன். கேக்காதேம்பாங்க டீம்ல. கேக்காம இருக்க முடியாது. தோத்த மறுநாள் ஊரே மாத்தி மாத்தித் திட்டும். நடுவுல பேஸ்மென்ட்லேருந்து ஒருத்தர் வருவாரு. அவரு பேசி முடிக்கிற வரைக்கும் காரை விட்டு இறங்க மாட்டேன். அதுக்கப்புறம்தான் பயிற்சிக்கு உள்ள போவேன். லீயானைக் கேட்டுப் பாருங்க."

ஃப்ளாய்ட் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

"கை ஏன் ஏறலன்னு நான் என்ன வேணாலும் சொல்லியிருக்கலாம்" என்றார் ஜட். குரலில் கோபமே இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி இருந்தது. "கோணலாப் படுத்துட்டேன்னா நீங்களும் நம்பியிருப்பீங்க. பெத்த அப்பாகிட்டகூட நான் சொல்லல சார். ஆர்னிகிட்ட சொன்னா பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்."

வாழ்நாளில் ஃப்ளாய்டுக்கு யாராவது ஏதாவது கொடுத்தார்கள் என்றால், முதல் தடவை வந்தபோது அந்தச் சமையலறையில் கொடுத்த நம்பிக்கைதான் பெரிது. அது கிடைத்தது தெரியாமலேயே, கிடைத்த ஐந்தாம் நாள் தெருவில் போட்டு உடைத்துவிட்டு வந்திருக்கிறார். முகம் எரிந்தது. இந்த மேசைக்கு அடியில் ஒரு பேஸ்மென்ட் இருக்கிறதே, அதற்கும் கீழே ஒன்று இருந்தால் போய் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. காபியை ஒரே மடக்காகக் குடித்தார். தொண்டை பொத்துப்போயிற்று. அதுவாவது ஆகட்டும் என்றிருந்தது.

மோட்டாருக்கு ஜட் பணம் எடுத்தார், ஃப்ளாய்ட் வேண்டாம் என்றார். "அப்படிச் செய்யாதீங்க சார்" என்றார் ஜட். அந்தத் தொனியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இனாமாகச் செய்து பாவத்தைக் கழித்துக்கொள்ளவும் விடவில்லை. கதவுவரை வந்து ஜட் வலது கையை நீட்டினார். ஃப்ளாய்ட் அதைத் தொட்டும் தொடாமலும் பிடித்தார்.

"நல்லாவே பிடிக்கலாம். அது உடையாது" என்றார் ஜட்.

அடுத்து ஆஷ் தெருவில் ஒரு வீடு. நடுத்தர வயதுப் பெண்மணி, புதிதாகக் குடிவந்தவள் போல. பேஸ்மென்ட்டுக்குப் போகச் சமையலறையைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே வானொலி ஓடிக்கொண்டிருந்தது. "ஆர்னி, எங்கய்யா போயிட்டே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் சால். "ஊரே உனக்காகத்தான் காத்திருக்கு. டாலிவரை அனுப்பிட்டாங்க. நீ என்ன சொல்றே? போனை எடுய்யா." ஃப்ளாய்டின் சட்டைப்பையில் போன் இருந்தது. சாலின் நம்பர் விரலுக்கு மனப்பாடம்.

"கேட்டீங்களா இந்தக் கூத்தை?" என்றாள் அந்தப் பெண்மணி. "காலையிலேருந்து இதே பேச்சு. நீங்க இந்த ஊர்க்காரர்தானே, நீங்க சொல்லுங்க. அந்த டாலிவரை வச்சிருந்திருக்கணுமா, அனுப்பினது சரிதானா?"

ஃப்ளாய்ட் கருவிப்பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்கு ஃபுட்பால் அவ்வளவாத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு, படியைப் பார்த்து இறங்கினார்.